மாதம் வகுக்கும் மலைநிலம்: ஜம்மு, காஷ்மீர், லடாக்கின் மழையும் பனியும் வெப்பநிலையும்

இமயத்தின் மேற்குப் பகுதியில் அடுத்தடுத்து அமைந்திருக்கும் ஜம்மு, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு, லடாக் ஆகிய மூன்று நிலப்பகுதிகளின் தட்பவெப்பத்தை விளக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஆண்டு மழையளவிலிருந்தே தொடங்குகின்றன. ஜம்மு நகரில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேலும், ஸ்ரீநகரில் ஏறத்தாழ 700 மில்லிமீட்டரும், லே நகரில் ஏறத்தாழ 100 மில்லிமீட்டரும் பொழிகின்றன என்று கூறி, முதலாவது ஈரநிலம், இரண்டாவது மிதநிலம், மூன்றாவது குளிர்ப்பாலை என்று வகைப்படுத்துவது அவற்றின் வழக்கம். இந்த வகைப்பாடு தவறன்று. ஆயினும், மழை மிகுந்த ஜம்முவின் அடிவாரக் கிராமங்கள் கோடையில் குடிநீருக்கு அல்லற்படுவதையும், கோடை மழை குறைந்த காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் நெல் விளைவதையும், மழையே இல்லை எனத்தக்க லடாக்கில் வாற்கோதுமை விளைவதையும் ஆண்டுத் தொகையைக் கொண்டு விளக்க இயலாது. ஒரு நிலத்துக்கு எவ்வளவு நீர் கிடைக்கிறது என்பதைவிட, அந்நீர் எந்த மாதத்தில், மழையாகவா பனியாகவா, எந்த வெப்பநிலையில் வந்து சேர்கிறது என்பதே அங்கு வாழ்வோரின் வேளாண்மையையும் குடியிருப்பையும் போக்குவரத்தையும் தீர்மானிக்கிறது என்பதை இம்மூன்று பகுதிகளின் மாதவாரிக் கணக்கு காட்டுகிறது.

அளவைகள் குறித்து

வானிலையியலில் ‘இயல்பு அளவு’ என்பது தொடர்ச்சியான 30 ஆண்டுகளின் பதிவுகளிலிருந்து கணக்கிடப்படும் சராசரியாகும். தற்போது 1991 முதல் 2020 வரையிலான காலம் அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. ஒரு மாதத்தின் மழை மிகுதியா குறைவா என்று சொல்லும்போது அம்மாதத்தின் இயல்பு அளவோடு ஒப்பிட்டே சொல்லப்படுகிறது. மழையளவியில் விழும் நீரை மில்லிமீட்டரில் நேரடியாக அளந்துவிடலாம். வானிலிருந்து பொழியும் பனிக்கு அது போதாது. பனியின் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளப்பது ஒன்று, அப்பனி உருகினால் எவ்வளவு நீராகும் என்று கணக்கிடுவது மற்றொன்று. பின்னதை ‘நீர்ச்சமானம்’ என்பர். புதிதாக விழுந்த பனியில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், உருகினால் 1 சென்டிமீட்டர் நீராகும் என்பது தோராயக் கணக்கு. ஆனால் உலர்ந்த கடுங்குளிரில் விழும் தூள்பனியில் நீர் இதைவிடக் குறைவாகவும், உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் விழும் ஈரப்பனியில் இதைவிட மிகுதியாகவும் இருக்கும். மாதவாரி அட்டவணையில் ஸ்ரீநகரின் ஜனவரிக்குக் கொடுக்கப்படும் 50, 60 மில்லிமீட்டர் என்ற எண்ணில் மழையோடு இந்த உருகிய பனிநீரும் அடங்கியிருக்கிறது.

வெப்பநிலையைப் பொறுத்தவரை உயரமே முதற்காரணி. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஜம்மு நகரம் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும், ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலும், லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், ஒரே ஜனவரியில் ஜம்முவின் பகல் 18 டிகிரியை ஒட்டியும், ஸ்ரீநகரின் பகல் 7 டிகிரியை ஒட்டியும், லேயின் பகல் உறைநிலையை ஒட்டியும் அமைகின்றன.

இரண்டு காற்றுகள், மூன்று மலைச்சுவர்கள்

இப்பகுதிக்கு நீர் கொண்டுவரும் அமைப்புகள் இரண்டு. ஒன்று, ஜூன் இறுதியில் வந்து செப்டம்பரில் விலகும் தென்மேற்குப் பருவமழை. கேரளத்தில் ஜூன் தொடக்கத்தில் நுழையும் இம்மழையின் ஒரு கிளை வங்கக் கடலிலிருந்து கங்கைச் சமவெளி வழியாக வடமேற்கே நகர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, பெருமளவு ஈரத்தை வழியிலேயே இழந்த நிலையில் ஜம்முவை அடைகிறது. மற்றொன்று ‘மேற்கத்திய இடையூறு’ என வானிலையாளர் வழங்கும் குளிர்காலத் தாழ்வழுத்தம். மத்தியதரைக் கடல், கருங்கடல், காஸ்பியன் கடல் ஆகியவற்றை ஒட்டிய பகுதிகளில் தோன்றும் இத்தாழ்வழுத்தங்கள், வளிமண்டலத்தின் உயரடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்தோடும் ஜெட் காற்றோட்டத்தில் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகியவற்றைக் கடந்து, இடையில் அரபிக் கடலின் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு மேற்கு இமயத்தில் மோதுகின்றன. குளிர்காலத்தில் இந்த ஜெட் காற்றோட்டம் திபெத்தியப் பீடபூமிக்குத் தெற்கே இறங்கிவிடுவதால் டிசம்பர் முதல் மார்ச் வரை மாதந்தோறும் பல இடையூறுகள் வருகின்றன. கோடையில் அது பீடபூமிக்கு வடக்கே ஏறிவிடுவதால் அவற்றின் வரவு குறைந்துவிடுகிறது.

இவ்விரு காற்றுகளும் எங்கே நீரை இறக்கும் என்பதை மலைகள் முடிவு செய்கின்றன. ஜம்முவுக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையில் பீர் பஞ்சால் மலைத்தொடரும், பள்ளத்தாக்குக்கும் லடாக்குக்கும் இடையில் பெரு இமயத் தொடரும், அதற்கு அப்பால் லேயை நோக்கிய வழியில் ஜன்ஸ்கர் தொடரும் குறுக்கே நிற்கின்றன. தாழ்வாக வரும் பருவமழை மேகங்கள் பீர் பஞ்சாலின் தென்சரிவில் ஏறிக் குளிர்ந்து பெரும்பகுதி ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகின்றன. மலையின் மறுபுறம் ‘மழை மறைவு’ப் பகுதியாகிறது. வளிமண்டலத்தின் உயரடுக்குகளோடு இணைந்து வரும் மேற்கத்திய இடையூறுகளோ பீர் பஞ்சாலைத் தாண்டிவிடுகின்றன. பெரு இமயத் தொடரில்தான் அவை தம் பனியின் பெரும்பங்கை இழக்கின்றன. ஆகவே கோடைக்கு முதற்சுவரும் குளிர்காலத்துக்கு இரண்டாம் சுவரும் எல்லையாகின்றன எனலாம்.

ஜம்மு: இரண்டு மாத வெள்ளமும் பத்து மாதத் தாகமும்

ஜம்முவின் மாதவாரி அட்டவணை வட இந்தியச் சமவெளியின் அட்டவணையை ஒத்தது. மே, ஜூன் மாதங்களில் பகல் வெப்பநிலை 40 டிகிரியை ஒட்டி நிற்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பொழியும் மழை மட்டுமே ஆண்டின் பாதியைத் தாண்டிவிடும். அக்டோபரும் நவம்பரும் ஏறக்குறைய வறண்டு கழியும். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்கத்திய இடையூறுகள் தரும் மிதமான மழை கோதுமைக்குப் பயன்படும். ரன்பீர்சிங்புரா பகுதியின் புகழ்பெற்ற பாசுமதி நெல் இந்த ஜூலை மழையையும் செனாப், தாவி ஆறுகளின் கால்வாய் நீரையும் நம்பி நடப்படுகிறது.

ஆண்டுத் தொகை எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்குச் சமவெளிக்கும் சிவாலிக் குன்றுகளுக்கும் இடையில் நீளும் ‘கண்டி’ எனப்படும் அடிவாரப் பட்டை தக்க சான்று. அங்கு ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்தாலும், அதன் பெரும்பங்கு சில வாரங்களுக்குள் கனமழையாக விழுந்து, கூழாங்கல் கலந்த மண்ணில் தங்காமல் ஓடைகள் வழியே பாய்ந்துவிடுவதால், நிலம் வானம் பார்த்த பூமியாகவே இருக்கிறது. முன்னோர் வெட்டிய குளங்களே நெடுங்காலம் அம்மக்களின் குடிநீராக இருந்தன. ஜம்முவின் மழை தேங்கி நிற்பதில்லை, பாய்ந்து போகிறது. அதன் உச்ச வடிவம் 2025 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் வெளிப்பட்டது. உதம்பூரில் 24 மணி நேரத்துக்குள் 600 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது ஸ்ரீநகர் ஓராண்டில் பெறும் அளவை நெருங்கும் மழை, ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு: குளிர்காலம் சேமித்துத் தரும் கோடை

பீர் பஞ்சாலைத் தாண்டியதும் அட்டவணை தலைகீழாகிறது. ஸ்ரீநகரில் ஆண்டின் ஈரமான மாதங்கள் மார்ச்சும் ஏப்ரலும். மார்ச்சின் இயல்பு அளவு 100 மில்லிமீட்டரை ஒட்டியது. இந்தியாவின் பெரும்பகுதி பருவமழையில் நனையும் ஜூலை, ஆகஸ்டில் இங்கே மாதத்துக்கு ஏறத்தாழ 60 மில்லிமீட்டரே பெய்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான இலையுதிர்காலம் இன்னும் வறண்டது. மேற்கத்திய இடையூறுகள் ஜனவரியில் வலுவாக இருக்க, மழையின் உச்சம் மட்டும் மார்ச்சில் அமைவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த காற்றைவிட இளஞ்சூடான காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். மார்ச்சில் இடையூறுகளின் வரவு இன்னும் குறையாத நிலையில் காற்றும் நிலமும் சூடேறத் தொடங்குவதால் இடியுடன் கூடிய மழையும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

குளிர்காலத்தைக் காஷ்மீரிகள் ஆங்கில மாதங்களால் மட்டும் அளப்பதில்லை. டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான, கடுமை மிகுந்த 40 நாட்கள் ‘சில்லை கலான்’. அதையடுத்த 20 நாட்கள் ‘சில்லை குர்த்’. இறுதிப் 10 நாட்கள் ‘சில்லை பச்சா’ என மொத்தம் 70 நாட்களை அவர்கள் மூன்றாகப் பகுத்திருக்கின்றனர். இப்பகுப்புக்கு அறிவியல் பொருத்தம் இருக்கிறது. முதல் 40 நாட்களில் விழும் பனி குறைந்த வெப்பநிலையில் விழுவதால் மலைச்சரிவுகளில் இறுகிப் படிந்து, கோடை வரை நின்று மெல்ல உருகுகிறது. பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் விழும் பனி ஈரம் மிகுந்து, விரைவில் உருகி ஓடிவிடுகிறது. நீரின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், முன்னது ஜூன், ஜூலை மாத ஆற்றுக்கும், பின்னது ஏப்ரல் மாத ஆற்றுக்கும் சேர்கிறது.

இக்காலத்தின் வெப்பநிலை குறித்து வெளியூரார் பொதுவாகக் கொண்டிருக்கும் எண்ணம் ஒன்று திருத்தத்துக்குரியது. பனி பொழியும் இரவே கடுங்குளிர் இரவு என்பது உண்மையன்று. மேகம் மூடிய இரவில் நிலத்தின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கப்படுவதால் வெப்பநிலை அதிகம் இறங்குவதில்லை. வானம் தெளிந்த இரவுகளில், குறிப்பாக நிலத்தில் பனி படிந்திருக்கும்போது, வெப்பம் வேகமாக வெளியேற, கனத்த குளிர்காற்று சரிவுகளிலிருந்து வழிந்து, கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. உயரே செல்லச் செல்லக் குளிர வேண்டிய காற்று, அடியில் குளிர்ந்தும் மேலே வெதுவெதுப்பாகவும் அமையும் இந்நிலையை ‘வெப்பநிலைத் தலைகீழ்’ என்பர். 2021 ஜனவரி 31 அன்று ஸ்ரீநகரில் உறைநிலைக்குக் கீழ் 8.8 டிகிரியும், வறண்ட குளிர்காலத் தொடக்கமான 2024 டிசம்பர் 21 அன்று உறைநிலைக்குக் கீழ் 8.5 டிகிரியும் பதிவாகி, தால் ஏரியின் ஓரங்களும் குழாய்நீரும் உறைந்தன. காங்கிரி என்னும் கனல்சட்டியும் பெரன் என்னும் நீண்ட அங்கியும் இத்தகைய இரவுகளுக்கென்றே அமைந்தவை.

பள்ளத்தாக்கின் வேளாண்மை முழுவதும் இந்தச் சேமிப்பின்மேல் நிற்கிறது. காஷ்மீரில் நெல் நாற்று நடப்படும் ஜூன் மாதத்தின் இயல்பு மழை ஏறத்தாழ 50 மில்லிமீட்டர்தான். அம்மழையை மட்டும் நம்பி நெல் பயிரிட முடியாது. ஆனால் அதே மே, ஜூன் மாதங்களில்தான் மலைப்பனி உருகி ஜீலம் ஆறும் அதன் துணையாறுகளும் பெருகுகின்றன. சிற்றோடைகளிலிருந்து வெட்டப்பட்ட ‘குல்’ என்னும் வாய்க்கால்கள் அந்நீரை வயல்களுக்குக் கொண்டுசெல்கின்றன. அதாவது, ஜூனில் நடப்படும் நாற்றுக்கு நீர் ஜனவரியிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. இடைப்பட்ட ஐந்து மாதமும் அதைக் காத்துவைப்பது குளிர். ஸ்ரீநகரைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலிருக்கும் குல்மார்க் ஆறேழு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்திருப்பதால், மார்ச்சில் நகரில் மழையாக விழுவது அங்கே பனியாகவே விழுகிறது. இவ்வுயர்நிலங்களே பள்ளத்தாக்கின் நீர்த்தேக்கங்கள்.

பிற பயிர்களும் தத்தம் மாதத்தைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் குறிப்பிட்ட மணிக்கணக்கில் குளிரில் உறங்கினால்தான் வசந்தத்தில் சீராகப் பூக்கும். பாம்பூர் மேட்டுநிலத்தின் குங்குமப்பூவுக்கு, அக்டோபர் இறுதியில் பூக்கும் முன்னர், ஆகஸ்டு, செப்டம்பரில் சிறிதளவு மழை போதும், ஆனால் அது வந்தே ஆக வேண்டும். தவறான மாதத்தில் வரும் நீர் இங்கே வறட்சியினும் கொடியது. 2014 செப்டம்பர் முதல் வாரத்தில், விலகும் நிலையிலிருந்த பருவமழையும் ஒரு மேற்கத்திய இடையூறும் ஒன்றுகூடியபோது, ஆண்டின் வறண்ட மாதங்களில் ஒன்றான செப்டம்பருக்குரிய அளவைப்போலப் பல மடங்கு மழை சில நாட்களில் கொட்டி, ஒரே வடிகாலாகப் பாராமுல்லாக் கணவாயை மட்டும் உடைய பள்ளத்தாக்கில் ஸ்ரீநகரின் பெரும்பகுதி மூழ்கியது. அக்கணவாயில் அடைபட்ட ஜீலத்தை ஒன்பதாம் நூற்றாண்டில், அவந்திவர்மன் ஆட்சியில், சுய்யன் என்னும் பொறியாளர் தூர்வாரி வெள்ளத்தைத் தணித்ததைக் கல்ஹணரின் இராஜதரங்கிணி பதிவுசெய்திருப்பது இச்சிக்கலின் தொன்மைக்குச் சான்று. அதேபோல் 2019 நவம்பர் 7 அன்று, மரங்கள் இலை உதிர்க்கும் முன்னரே விழுந்த ஈரப்பனி, இலைகளில் படிந்து பாரமாகிக் கிளைகளை முறித்து, ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேரிழப்பை ஏற்படுத்தியது. ஜனவரியில் விழுந்திருந்தால் அதே பனி வரமாகியிருக்கும்.

லடாக்: ஏப்ரல் மாதத்தின் பற்றாக்குறை

ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலை ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள ஜோஜி லா கணவாயைக் கடந்ததும் காடு மறைந்து பாறைநிலம் தொடங்குகிறது. கணவாயை ஒட்டிய திராஸ் வரை பெரும்பனி உண்டு. அதற்கப்பால் மழையும் பனியும் விரைந்து குறைகின்றன. லேயைவிடத் தாழ்வான இடத்திலிருந்தும் திராஸ் குளிர்காலத்தில் லேயைவிடக் குளிர்ந்திருப்பதற்கு, அங்கு நிலத்தை மூடும் பனியும் குறுகிய பள்ளத்தாக்கில் தேங்கும் குளிர்காற்றுமே காரணங்கள்; உயரம் மட்டுமே வெப்பநிலையை முடிவுசெய்வதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

லேயில் எந்த மாதமும் ஈரமான மாதம் அன்று. மிகுதியாகப் பெய்யும் ஜூலை, ஆகஸ்டிலும் மாதத்துக்கு 15 மில்லிமீட்டர் அளவே தேறும். ஜனவரி இரவுகள் சராசரியாக உறைநிலைக்குக் கீழ் 13, 14 டிகிரிக்கு இறங்க, ஜூலைப் பகல்கள் 25 டிகிரியை எட்டுகின்றன. வேளாண்மைக்கு முழுக்க முழுக்கப் பனியும் பனியாறுகளும் உருகிவரும் நீரே ஆதாரம். ஊர்தோறும் ‘சுர்போன்’ எனப்படும் நீர்ப் பங்கீட்டாளர் முறைவைத்து வாய்க்கால் திறக்கிறார். ஆனால் இங்கும் சிக்கல் மாதத்தில்தான் இருக்கிறது. குறுகிய கோடைக்குள் விளைந்தாக வேண்டிய வாற்கோதுமை ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கப்பட வேண்டும். உயரமான பனியாறுகளோ ஜூனில்தான் போதிய அளவு உருகத் தொடங்குகின்றன. நீர் இருக்கிறது, ஆனால் இரண்டு மாதம் தாமதமாக வருகிறது.

இவ்விடைவெளியை நிரப்பவே சேவாங் நோர்பெல் என்னும் பொறியாளர், குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரை ஊருக்கு அருகே தாழ்வான நிழற்சரிவுகளில் தேக்கி உறையவைக்கும் செயற்கைப் பனியாறுகளை உருவாக்கினார். தாழ்வான இடத்திலிருப்பதால் அவை இயற்கைப் பனியாறுகளுக்கு முன்னரே உருகுகின்றன. சோனம் வாங்சுக் 2013–14 குளிர்காலத்தில் அறிமுகப்படுத்திய ‘பனி ஸ்தூபி’ அதன் மற்றொரு வடிவம். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் அழுத்தத்தாலேயே பீய்ச்சியடித்து இரவுக் குளிரில் கூம்பாக உறைகிறது. கூம்பு வடிவம் தன் கொள்ளளவுக்குக் குறைந்த பரப்பையே வெயிலுக்குக் காட்டுவதால் வசந்தம் வரை கரையாமல் நிற்கிறது. இவ்விரு முயற்சிகளும் புதிதாக நீரை உண்டாக்கவில்லை; ஜனவரி நீரை ஏப்ரலுக்கு மாற்றின.

வறண்ட நிலத்தில் எதிர்பாராத மழை எத்தகைய அழிவைத் தரும் என்பதை 2010 ஆகஸ்டு 5ஆம் தேதி இரவு லே கண்டது. குறுகிய பரப்பில் கொட்டிய பெருமழையால், செடிகொடிகள் பிடித்து நிறுத்தாத சரிவுகளிலிருந்து சேறும் பாறையும் இறங்கி, சிறுமழைக்கென்றே கட்டப்பட்ட தட்டைக்கூரை மண்வீடுகளை அடித்துச்சென்றன. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாளில் லே வானிலை நிலையத்தின் மழையளவி காட்டிய அளவு 12.8 மில்லிமீட்டர் மட்டுமே. மலைநாட்டில் ஒற்றை நிலையத்தின் பதிவு எவ்வளவு குறைபாடுடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இடம்பெயரும் மாதங்கள்

அண்மை ஆண்டுகளின் மாற்றத்தையும் மாதவாரியாகப் பார்த்தால்தான் அதன் கடுமை புலப்படும். 2023 டிசம்பரும் 2024 ஜனவரியின் பெரும்பகுதியும் பள்ளத்தாக்கில் வறண்டு கழிய, பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற குல்மார்க் ஜனவரி நடுவில் வெறும் தரையாகக் கிடந்தது. மாத இறுதியிலும் பிப்ரவரியிலும்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் போட்டிகள் பனிப் பற்றாக்குறையால் ஒத்திவைக்கப்பட்டு மார்ச்சில் நடத்தப்பட்டன. தாமதமாக வந்த பனி பருவத்தின் கூட்டுத்தொகையை ஓரளவு ஈடுசெய்துவிடலாம். ஆனால் சில்லை கலானில் இறுகிப் படிய வேண்டிய பனியின் இடத்தைப் பிப்ரவரியின் ஈரப்பனி நிரப்பாது. அது விரைந்து உருகி, வயல்கள் கேட்காத மாதத்தில் ஆற்றைப் பெருக்கி, கேட்கும் மாதத்தில் வற்றச்செய்யும். வெப்பநிலை உயர உயரப் பனிக்குப் பதில் மழையாக விழும் பங்கும் கூடுகிறது. மழை உடனே ஓடிவிடும் நீர், பனி காத்திருந்து வரும் நீர் என்ற வேறுபாடு ஆண்டுத் தொகையில் ஒருபோதும் தெரிவதில்லை.

எனவே இப்பகுதியின் தட்பவெப்பத்தைக் கண்காணிப்போர், ‘இவ்வாண்டு மழை இயல்பான அளவு’ என்னும் ஒற்றை வரியோடு நிறைவடைதல் கூடாது. குடியிருப்புகளும் வானிலை நிலையங்களும் பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் இருக்க, நீரைச் சேமிக்கும் பனி 3,000 மீட்டருக்கு மேல் படிகிறது; அவ்வுயரங்களில் நிலையங்களைப் பெருக்கி, பனியின் உயரத்தோடு நீர்ச்சமானத்தையும் மாதந்தோறும் அளந்து வெளியிடுவது இன்றியமையாதது. நெல் நடும் உழவருக்கும் வெள்ளத்தைத் தடுக்கும் பொறியாளருக்கும் பயன்படும் கேள்வி ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதன்று. ஜனவரியில் எவ்வளவு பனி, அதில் எவ்வளவு ஜூன் வரை நிற்கும் என்பதே.